கேட்டு, லைட்டு, மோட்டாரு, ராணி

காலை ஆறு பத்து. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்த ஆலையின் கேட்டுக்குள் என் ஸ்கூட்டர் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை நரைத்த புருவங்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் குழாயடியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலை வெள்ளை, மீசை வெள்ளை, இமைமுடிகூட வெள்ளை. ஒருவர் குனிந்து இரண்டு கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஆலை அது. குழாய்க்கான பிளாஸ்டிக் மாவுடன் வெள்ளைச் சுண்ணக்கல் தூளைச் சேர்த்துக் கலக்குவார்கள். மூட்டை பிரிக்கிற இடத்தில் எட்டு மணி நேரம் நின்றால் யாராக இருந்தாலும் தாத்தாவாகித்தான் வெளியே வரவேண்டும். "மாமா, பென்ஷன் வாங்கிட்டியா?" என்று பின்னால் நின்ற ஒருவர் முன்னால் நின்றவரைக் கேட்டார். "உனுக்கு முன்னாடியே வாங்கிட்டேன், தள்ளுடா" என்றார் அவர். நான் அதைப் பார்த்தேன், சிரித்தேன், மறந்துவிட்டேன். சற்று நேரத்தில் அது தேவைப்பட்டது.

கால்நடை மருத்துவப் பணிக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். நாயின் வயதைப் பற்றியும் வயதுக்கேற்ற பராமரிப்பைப் பற்றியும் உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். எந்த வாரத்தில் எந்தத் தடுப்பூசி, எந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுத நினைப்பது புத்தகத்தில் இல்லாத ஒரு காலைப் பொழுது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் நடந்தது. ஒரு நாயின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னிடம் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

முந்தைய நாள் மாலை ஆலையின் மேலாளர் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு போன் செய்திருந்தார். கேட்டில் இருக்கும் நாய்க்கு மிகவும் வயதாகிவிட்டது, வயிறு வீங்கிக் கிடக்கிறது, சாப்பிடவில்லை, காலையில் சீக்கிரம் வந்து பார்க்க முடியுமா என்றார். குரலில் அக்கறை இருந்தது. அவசரம் அதைவிட அதிகமாக இருந்தது.

நான் வண்டியை நிறுத்தியபோது காவல் மாறிக்கொண்டிருந்தது. இரவுக் காவலர் போகிறார், பகல் காவலர் வருகிறார். அங்கே அதற்கென்று ஒரு முறை உண்டு. போகிறவர் விரலை மடக்கிச் சொல்வார்: "கேட்டு, லைட்டு, மோட்டாரு, ராணி. எல்லாம் ஓகே." வருகிறவர் தலையாட்டினால் பொறுப்பு கைமாறிவிட்டது என்று அர்த்தம். கேட் பூட்டியிருக்கிறது, விளக்கு அணைத்தாயிற்று, தண்ணீர் மோட்டார் போட்டாயிற்று, நாய் இருக்கிறது. காவலர்கள் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒருவர் தங்குவது அபூர்வம். ஆனால் இந்த வரி மட்டும் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது.

அன்று இரவுக் காவலர், "கேட்டு, லைட்டு, மோட்டாரு ஓகே. ராணிதான் டவுட்டு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

பகல் காவலர் முனிரத்தினம். ஐம்பது வயதுக்காரர், மாநில எல்லைக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வருகிறவர். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"கெழவிக்கு நேரம் வந்துட்ச்சி மேடம். வாங்க, பின்னால கீது."

"என்ன வயசு?"

"பதினஞ்சு. கம்பெனி தொறந்த அன்னிக்கே வந்த நாய் இது. நாய்க்கு ஒரு வருசம்னா நம்மளுக்கு ஏழு வருசம் இல்ல? பதினஞ்ச ஏழால பெருக்குங்க. நூத்தி அஞ்சு! எங்க ஊர்ல அந்த வயசுல ஒரு ஆளு கெடையாது."

"நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"நானா? தை மாசம் வந்தேன்."

இந்த ஏழால் பெருக்கும் கணக்கை நீங்கள் தினமும் கேட்கப்போகிறீர்கள். கேட்டால் சண்டை போடாதீர்கள். ஒரு வயது நாய் குட்டி போடும், ஏழு வயதுப் பிள்ளை பால்பல் விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும். அதை மட்டும் சொல்லுங்கள். முதல் வருடத்தில் நாய் தன் குழந்தைப் பருவம் முழுவதையும் ஓடிக் கடந்துவிடுகிறது. பிறகு நிதானமாகிறது. பெரிய உடம்புள்ள நாய் சீக்கிரம் கிழடாகும், சின்ன உடம்புள்ளது தாமதமாக. நம் தெருநாய்கள் நடுத்தரம். ஏழெட்டு வயதில் அவற்றுக்கு முதுமை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து என்றால் உண்மையிலேயே நெடுங்கிழம்.

அதனால் நடந்துபோகும்போதே என் மனதில் ஒரு படம் தயாராகிவிட்டது. கருத்தடை செய்யாத பெண் நாய், முதிர்ந்த வயது, வீங்கிய வயிறு, சாப்பாட்டில் வெறுப்பு. உங்களுக்கும் அதே படம்தான் தோன்றும். கருப்பையில் சீழ். விட்டால் சாகும், திறந்து கருப்பையை எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. நின்று மருந்தகத்துக்கு போன் செய்தேன். அறுவைச் சிகிச்சை மேசையைத் தயார் செய்து வைக்கும்படி என் உதவியாளரிடம் சொன்னேன். நாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆலையின் பின்புறம், உடைந்த குழாய்களும் காலிச் சாக்குகளும் போட்டுவைக்கும் இடம். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருந்த சந்தில் மண்ணைத் தோண்டிக் குழி பறித்து, அதற்குள் சுருண்டு படுத்திருந்தது ராணி. செம்மண் நிறம். முகம் மட்டும் வெள்ளை: மூக்கு, தாடை, புருவம் எல்லாம். வயிறு பக்கவாட்டில் சரிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழவில்லை. மூச்சு வாங்கிற்று.

"அந்தக் குழியப் பாத்தீங்களா மேடம்?" முனிரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "நேத்து சாய்ங்காலம் அதுவே தோண்டிகிச்சு. சாவப் போறது தெரிஞ்சி போச்சு அதுக்கு. தன் குழிய தானே தோண்டிகினு படுத்துகிச்சு. மனுசனுக்கு வருமா அந்த ரோசம்?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "காலங்காத்தால வாயக் கழுவுண்ணே."

கேன்டீனில் சமைக்கும் ரோஸ்லின். கையில் தட்டு, தட்டில் பாலில் பிசைந்த இட்லி. கேன்டீன் ஒப்பந்தம் கைமாறியபோது, முந்தைய வருடக் கடைசியில் வந்து சேர்ந்தவர். வந்த நாளிலிருந்து ராணிக்கு இரண்டு வேளைச் சாப்பாடு அவர் பொறுப்பு. தட்டை வைத்தார். ராணி முகர்ந்தது, நக்கவில்லை. ஆனால் ரோஸ்லின் கையை நக்கிற்று.

அப்போது மேலாளர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஆலை திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவர். மடிப்புக் கலையாத சட்டை, தலையில் பாதுகாப்புத் தொப்பி. வணக்கம் சொன்ன கையோடு மணியைப் பார்த்தார்.

"மேடம், பத்து மணிக்கு கஸ்டமர் வர்றாங்க. பிளான்ட் முழுக்கச் சுத்திப் பார்ப்பாங்க. இந்த ஆர்டர் கிடைச்சா இன்னொரு லைன் போடுவோம், அம்பது பேருக்கு வேலை. நேத்து சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கிட்டப் போனப்ப இது உறுமியிருக்கு. வர்றவங்க யாரையாவது கடிச்சிட்டா? அது கஷ்டப்படறதையும் பார்க்க முடியல. ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிச்சிடுங்க."

"ஊசியா?" ரோஸ்லின் எழுந்து நின்றார். "நேத்து வரைக்கும் பிஸ்கெட் போட்டுகினு இருந்தீங்களே சார். உங்களுக்கும்தான் முட்டி வலி, மாடிப்படி ஏற மாட்டேன்றீங்க. உங்களுக்கு யாரு ஊசி போடுறது?"

முனிரத்தினம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது. மேலாளருக்கும் சிரிப்பு வந்தது. அதை மீசைக்குள் அடக்கினார். "இல்லம்மா, டாக்டர் என்ன சொல்றாங்களோ அதான்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்லக்கூடியவை இரண்டு. தேறவே முடியாத நோய், வலி என்றால் மேலாளர் கேட்டதைச் செய்யலாம். வேறு காரணத்துக்குச் செய்ய முடியாது. சீழ் என்றால் உடனே தூக்கிக்கொண்டு போய்க் கருப்பையை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இது பதினைந்து வயதுக் கிழவி. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குச் சொல்லட்டுமா என்று மேலாளர் கேட்டார். சொல்லுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

முதலில் ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும். உதட்டைத் தூக்கப்போனேன்; முகமெல்லாம் தூசு. "கொஞ்சம் ஈரத்துணி குடுங்க" என்றேன். ரோஸ்லின் தோளில் கிடந்த துண்டை நனைத்து, ராணியின் மூக்கிலிருந்து நெற்றி வரை ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

நரை துண்டோடு வந்துவிட்டது.

அடியில் இருந்தது பளபளவென்ற செம்மண் நிற முடி. ஒரு வெள்ளை முடி இல்லை. நான் துண்டைப் பார்த்தேன், காலிச் சாக்குகளைப் பார்த்தேன். அந்தச் சாக்குகளின்மேல்தான் ராணி தினமும் முகம் புதைத்துத் தூங்கும் என்று ரோஸ்லின் சொன்னார். குழாயடியில் முகம் கழுவி நிமிர்ந்த அந்த இளைஞர் அப்போதுதான் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தார்.

கல்லூரி நாட்களில் செலவுக்காக ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் உதவி ஆசிரியர். செய்தியைக் கையில் வாங்கும் முன்பே கேட்பார்: "இதுல எது பார்த்தது, எது கேட்டது?" கேட்டதை எல்லாம் அடித்துவிட்டால் பல நாட்கள் என் செய்தியில் இரண்டு வரிதான் மிஞ்சும். அந்த இரண்டு வரியைப் போடுவார். கால்நடை மருத்துவத்தை எனக்குக் கற்பித்தவர்கள் பலர். அவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நம் நோயாளிகள் பேசமாட்டார்கள், கூட வருகிறவர்கள் நிறையப் பேசுவார்கள். அந்தக் கேள்வி நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

மேலாளரிடம், "வண்டி கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன். கேட்டது எல்லாவற்றையும் மனதில் அடித்துவிட்டு முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

பல்: வெள்ளை. முன்பற்களின் நுனியில், இளம் நாய்களுக்கு இருக்குமே சின்னப் பூவிதழ் போன்ற மூன்று மேடு, அது மேல்வரிசையில் அப்படியே இருந்தது. கீழ்வரிசையில் நடுப்பற்களில் மட்டும் தேய்ந்திருந்தது. காரை கடைவாய்ப் பல்லில் லேசாக. கண்: டார்ச் அடித்தேன்; கருவிழி கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவு. ஏழெட்டு வயதைத் தாண்டிய நாயின் கண்ணுக்குள் ஒரு நீலப் புகை படிந்திருக்கும். அந்தப் புகை இல்லை. முழங்கையில் காய்ப்பு இல்லை. தொடைத் தசை கெட்டியாக இருந்தது. இது இரண்டு வயது நாய். மிஞ்சிப்போனால் மூன்று.

அதன் பிறகு வயிற்றைத் தொட எனக்கே கொஞ்சம் பரபரப்பாக இருந்தது. காம்புகள் தடித்திருந்தன. ஒன்றை மெல்ல அழுத்தினேன். விரலில் பால்.

ஸ்டெதாஸ்கோப்பை விலாவுக்குக் கீழே வைத்தேன். தாயின் இதயம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறொரு துடிப்பு, இரண்டு மடங்கு வேகத்தில். சற்றுத் தள்ளி வைத்தேன். அங்கே இன்னொன்று. நான் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பதைப் பார்த்து ரோஸ்லின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா மேடம்? சொல்லுங்க மேடம்."

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு முனிரத்தினத்தின் தோளில் ஓர் அடி போட்டார்.

"குழியாண்ணே? சாவறதுக்குக் குழியா? பிரசவ வார்டு கட்டிகினு கீது அது!"

"நூத்தி அஞ்சு வயசுலயா?" என்றார் முனிரத்தினம்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்: பெண் நாய்க்கு மாதவிடாய் நிற்பதுபோல ஒரு வயதில் எல்லாம் நின்றுவிடுவதில்லை. கருத்தடை செய்யாவிட்டால் கிழ வயதிலும் சினையாகும், அது அதற்கும் குட்டிக்கும் ஆபத்து. ஆகவே வயதாகிவிட்டது என்பதற்காகச் சினை இல்லை என்று எப்போதும் முடிவு கட்டாதீர்கள். ஆனால் எங்கள் ராணிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

மேலாளரிடம் கேட்டேன். "சார், ஆலை திறந்த நாளிலிருந்து இருக்கீங்க. அன்னிக்கு இருந்த நாய் இதுதானா?"

"ராணிதானே?"

"பேர் கேக்கலை. இந்த நாய்தானா?"

அவர் நாயைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "கேட்டுல எப்பவும் ஒரு பிரவுன் நாய் இருக்கும் மேடம்" என்றார். "ராணின்னு சொல்வாங்க."

முனிரத்தினம் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டார். தனக்கு முன்னால் இருந்த காவலருக்கு அடித்தார். அவர் தனக்கு முன்னால் இருந்தவரின் எண்ணைக் கொடுத்தார். யாருக்கும் நாய் வந்த நாள் தெரியவில்லை. எல்லோருக்கும் கேட், லைட், மோட்டாரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட நாய்தான். கடைசியில் ஒருவர், "கோதண்டம்னு ஒருத்தர் இருந்தாரு, திருவாலங்காட்டுக்காரரு, அவருகிட்ட கேளு நைனா" என்றார். கோதண்டத்துக்கு அடித்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"கோதண்டம் அண்ணனா? குழாய் கம்பெனி கேட்டுலருந்து பேசறேன். இங்க ராணின்னு ஒரு நாய்..."

"ராணிக்கு இன்னா?" என்றது அந்தக் குரல்.

"வயசு தெரியணும். இங்க இருக்கிற ராணிக்கு..."

"அங்க ஏதுய்யா ராணி? ராணி எங்க ஊட்ல கட்டிலுக்கு அடியில தூங்கிகினு கீறா. வேலைய உட்டு வரச்சொல்ல கூடவே இட்டாந்துட்டேன். இப்பதான் நாஷ்டா துன்னா. இருங்க, எழுப்பட்டா?"

"வாணாம், வாணாம், தூங்கட்டும்" என்றார் முனிரத்தினம்.

காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து ரோஸ்லின் சிரித்தார். மேலாளர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கோதண்டம் போனபின் இடம் காலியாக இருந்திருக்கிறது. ஏதோ ஒரு செம்மண் நிற நாய் வந்திருக்கிறது. இரவுக் காவலர் விரலை மடக்கும்போது நான்காவது விரலுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. நடுவில் இன்னொரு ராணி இருந்ததா என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆட்கள் வருடா வருடம் மாறும் ஓர் இடத்தில் நாய் மட்டும் மாறவில்லை என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

மருந்தகத்துக்கு போன் செய்து மேசை வேண்டாம் என்றேன். நான் கேட்டதை வைத்து நடந்திருந்தால் அந்த மேசையில் ராணியின் வயிற்றைத் திறந்திருப்பேன்.

ஆனால் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. தெர்மாமீட்டர் வைத்தேன்; நாய்க்கு நூற்றிரண்டு டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய உடல் சூடு ராணிக்கு நூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூச்சு வாங்கல், சாப்பாட்டு மறுப்பு, குழி, உறுமல் எல்லாம் ஒரே செய்தியைச் சொன்னன. அன்றைக்குள் குட்டி போடும், ஒருவேளை சில மணி நேரத்தில். மேலாளர் மறுபடி மணியைப் பார்த்தார்.

"சந்தோஷம் மேடம். ஆனா பத்து மணிக்கு அவங்க இந்த வழியாத்தான் வருவாங்க. வண்டியில ஏத்தி உங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டா?"

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய இரண்டாவது விஷயம். பெரிய மனிதர் பணிவாகக் கேட்கும்போது மறுப்பது கடினம். ஆனால் தானே இடம் தேடி, தானே குழி பறித்த தாயை அந்த நேரத்தில் தூக்கிப்போனால் பிரசவ வலி நின்றுபோகலாம். குட்டி பிறப்பு வழியில் சிக்கலாம். பிறந்த குட்டிகளைப் பயத்தில் அது ஏற்காமலும் போகலாம்.

"அதைத் தூக்கினா குட்டிகளைப் பத்தி நான் உறுதி சொல்ல முடியாது சார். உங்க விருந்தாளிங்களால வேற வழியா நடக்க முடியும். இதால முடியாது."

ரோஸ்லின் ராணியின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கும் எண்ணம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கேன்டீனில் அடுப்பு காத்திருந்தது.

மேலாளர் அந்த இடுக்கை அளப்பதுபோலப் பார்த்தார். பிறகு திரும்பி, உறுமல் வாங்கிய அதே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைக் கூப்பிட்டார். இன்னும் ஓர் அடுக்கு மரத்தட்டை முன்னால் வைத்து இடுக்கை மறைக்கச் சொன்னார். வண்டிச் சத்தம் வேண்டாம், கையால் தூக்கி வையுங்கள் என்று அவரே சேர்த்துச் சொன்னார். நான்கு பேர் தூக்கி அடுக்கினார்கள். காற்றுக்கு இடம் விட்டு, ரோஸ்லின் போய்வர ஒரு வழி விட்டு, மேலே நிழலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். கடைசியாக மேலாளர் எங்கிருந்தோ மஞ்சள் நாடாவையும் ஒரு பலகையையும் கொண்டுவரச் செய்தார். இயந்திரத்தைப் பிரித்து வைத்திருக்கும்போது மாட்டுவார்களே, அந்தப் பலகை: "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. உள்ளே வராதீர்கள்."

"பொய் இல்லையே மேடம்?" என்றார்.

"இல்லை" என்றேன்.

நான் மருந்தகத்துக்குப் போய்விட்டு மதியம் வந்தேன். நடந்ததை முனிரத்தினம் நடித்தே காட்டினார். பத்தே முக்காலுக்கு விருந்தாளிகள் பின்புறம் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து கீச் கீச்சென்று சத்தம். எண்ணெய் போடாத பேரிங் சத்தம்போல இருக்கிறதே, என்ன இயந்திரம் என்று கேட்டிருக்கிறார். மேலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "புது உற்பத்தி சார். இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்" என்றாராம். பிறகு தாங்க முடியாமல் அவரே தார்ப்பாயை விலக்கிக் காட்டியிருக்கிறார். மரத்தட்டு வாங்கவந்தவர்கள்போல அத்தனை பேரும் அந்த இடுக்கில் எட்டிப்பார்த்தபடி நின்றார்களாம். ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த நேரத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

ஐந்து குட்டிகள். நான் போனபோது ஐந்தும் பால் குடித்துக்கொண்டிருந்தன. ராணி தட்டை நக்கி முடித்திருந்தது. அதன் முகத்தில் மறுபடியும் கொஞ்சம் வெள்ளை.

அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒருமுறை அங்கே போனேன். வேலைக்காக என்று சொல்லிக்கொண்டேன். நாயின் வாழ்க்கையில் ஒவ்வொரு வாரமும் ஒரு வருடத்துக்குச் சமமாக இருக்கும் காலம் அது ஒன்றுதான். கண் திறந்த வாரத்தில் முனிரத்தினம் எனக்கு போன் செய்து, "மேடம், ஒண்ணு என்னப் பாத்துட்ச்சி" என்றார். தள்ளாடி நடந்த வாரத்தில் இரவு ஷிப்ட்காரர்கள் பேருந்தைத் தவறவிட்டார்கள். நான் சொன்னதெல்லாம் எளியவை. பூச்சி மருந்து தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். பசும்பால் ஊற்றி வயிற்றைக் கெடுக்காதீர்கள், தாய்ப்பால் போதும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரிக்காதீர்கள். மனிதர்களின் கை, வண்டிச் சத்தம், சைரன், எல்லாவற்றுக்கும் இப்போதே பழக்குங்கள். இந்த வயதில் பயந்தது பிறகு என்றைக்கும் பயமாகவே இருக்கும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதற்குப் பதில் எதுவும் கிடையாது.

குட்டிகளைப் பார்த்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டுக்கு ரயில் ஏறினேன். முதல் ராணியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோதண்டத்தின் வீட்டில் கட்டிலுக்கு அடியில், சூட்டுக்கு இதமாக நனைத்துப் போட்ட சாக்கின்மேல் அது தூங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தின் வெள்ளை எந்தத் துணிக்கும் வராத வெள்ளை. கண்ணில் நீலப் புகை. பின்னங்கால்கள் மெலிந்திருந்தன.

கோதண்டம் அதைத் தொடுவதற்கு முன் தரையில் இரண்டு முறை காலைத் தட்டினார். அதிர்வு தெரிந்து ராணி கண் திறந்தது.

"காது போய்ட்ச்சி மேடம். திடீர்னு தொட்டா பதறி வள்ளுன்னு கடிக்க வருது. அப்பால கடிச்சிட்டோமேன்னு அதுவே வெக்கப்படுது. அதான் தட்டிட்டுத் தொடுறது."

இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கூடவே இருந்ததில் கண்டுகொண்டது. நானும் இரண்டு விஷயம் சொன்னேன். ஒரே வேளையாகக் கொடுக்கும் சோற்றை மூன்றாகப் பிரியுங்கள். சிமெண்டுத் தரையில் கால் வழுக்குகிறது. அது நடக்கும் வழியில் பழைய சாக்கை விரித்துவிடுங்கள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் அவர் சாக்கு விரித்துக்கொண்டே வந்தார். பின்னாலேயே ராணி வந்தது, ஒவ்வொரு சாக்காக, அவசரமில்லாமல்.

ஆலைக்கு அந்த ஆர்டர் கிடைத்தது. குட்டிகளால்தான் என்று முனிரத்தினம் சொல்வார். மேலாளர் அப்படிச் சொல்லமாட்டார், ஆனால் மறுத்தும் நான் கேட்டதில்லை. குட்டிகள் பால் மறந்தபிறகு தாய்க்குக் கருத்தடை செய்தேன். ரோஸ்லின் அதைக் கவரைப்பேட்டையில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான்கு குட்டிகள் நான்கு ஷிப்ட்காரர்களின் வீடுகளுக்குப் போயின. ஒன்றை ஆலை வைத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: இனி எந்த நாய் வந்தாலும் அதன் வயது ஆட்களோடு சேர்ந்து போய்விடக் கூடாது. காவல் அறைச் சுவரில், கேட் சாவி மாட்டும் ஆணிக்கு மேலே, பிறந்த மாதமும் வருடமும் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே தடுப்பூசி போட்ட மாதங்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். முனிரத்தினம் இல்லை, வேறு காவலர்கள். ஷிப்ட் மாறும் நேரம். போகிறவர் விரலை மடக்கினார்.

"கேட்டு, லைட்டு, மோட்டாரு, ராணி. எல்லாம் ஓகே."

வருகிறவர் தலையாட்டினார். ராணி எழுந்து வந்து என் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தை முகர்ந்து, காலைத் தூக்கிற்று. அது ஆண் நாய்.